தொலைக்காட்சிக்கு ஒரு கட்டளைக் கல்

பொன்னின் மாற்றை அறியக் கட்டளைக் கல் வேண்டும். பொருளின் நிறையை அறிய எடைக்கல் வேண்டும். அங்ஙனமே தொலைக்காட்சிப் பெட்டியின் குணத்தையும் குற்றத்தையும் அறிய ஓர் அளவுகோல் வேண்டும். திரையில் ஒருவர் முகம் நீண்டு தோன்றுகிறது. அவர் முகமே நீண்டதா, அன்றிப் பெட்டி அதனை நீட்டிக் காட்டுகிறதா? மணமகளின் சேலை செம்மண் நிறமாய்த் தெரிகிறது. சேலையின் நிறமே அதுவா, அன்றி வண்ணம் வழியில் கெட்டதா? மூலத்தை நேரிற் காணாதவர் இவ்வினாக்களுக்கு விடை கூற இயலாது. ஆதலின், இன்ன இடத்தில் இன்ன நிறம், இன்ன அளவில் இருத்தல் வேண்டும் என்று முன்னரே ஐயமின்றித் தெரிந்த ஒரு படம் தேவைப்படுகிறது. அதற்கே சோதனைப் படம் என்று பெயர்.

அப்படத்தை வீட்டிலேயே பிறப்பிக்கும் சிறு கருவி ஒன்றை, விருப்பம்போல் அமைத்துக்கொள்ளத்தக்க தருக்கச் சில்லு ஒன்றைக் கொண்டு செய்துவிடலாம். எண்ணத் தெரிந்த ஒரு சில்லும், எட்டு மின்தடைகளும், ஒரு படிக அலைவியுமே அதன் முதன்மை உறுப்புகள். அது இயங்கும் முறையை அறிவது தொலைக்காட்சிப் படம் என்பது யாது என்பதனையே அறிவதாகும்.

வானில் வந்த சோதனைப் படம்

ஒளிபரப்பு நிலையங்கள் தொடக்கக் காலம் முதலே சோதனைப் படங்களை அனுப்பி வந்தன. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1939இல் உருவாக்கிய படத்தில், வட்டங்களுக்கும் கோடுகளுக்கும் மேலே செவ்விந்தியர் ஒருவரின் தலை வரையப்பட்டிருந்தது. அதனை அனுப்பப் படப்பிடிப்புக் கருவி வேண்டியதில்லை; படமே உள்ளே பொறிக்கப்பட்ட 'மானோஸ்கோப்' என்னும் சிறப்புக் குழாய் அவ்வேலையைச் செய்தது. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 1967இல் வெளியிட்ட வண்ணச் சோதனைப் படத்தின் நடுவில், கரும்பலகையருகே ஒரு சிறுமி அமர்ந்திருந்தாள். அப்படத்தை அமைத்த பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சியின் மகள் அவள். மனிதத் தோலின் நிறம் பிழைபட்டால் கண் உடனே கண்டுகொள்ளும். ஆதலின் அங்கே ஒரு முகம் வைக்கப்பட்டது. பின்னர்ப் பிலிப்ஸ் நிறுவனத்தின் டென்மார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான வட்டச் சோதனைப் படம், புகைப்படம் ஏதுமின்றி, முழுவதும் மின்சுற்றுகளாலேயே பிறப்பிக்கப்பட்டு உலகின் பல நாடுகளுக்குப் பரவியது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. இரண்டும் 625 கோட்டு முறையையே மேற்கொண்டன. அம்முறையிலான பழைய ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டில் இரு நாடுகளிலும் முடிவுற்றது. ஆயினும் பழைய படக்குழாய்ப் பெட்டிகளும், நாடாவில் பதிந்த மணவிழாக்களும், பள்ளி ஆண்டு விழாக்களும் பல இல்லங்களில் இன்னும் உள்ளன. நாடாக்கள் ஆண்டுக்கு ஆண்டு நலிகின்றன. ஆகவே அவற்றைக் கணினிக்கு மாற்றுவோர் பலர். அவர்களுக்கு வானிலிருந்து சோதனைப் படம் இனி வரப்போவதில்லை. அளவுகோலைத் தாமே செய்துகொள்ளுதல் வேண்டும்.

படம் என்பது எண்ணுதலே

படக்குழாய்த் திரையில் ஒரே நேரத்தில் முழுப்படமும் வரையப்படுவதில்லை. ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோட்டை வரைகிறது. பிறகு இடப்புறம் மீண்டு அடுத்த கோட்டைத் தொடங்குகிறது. தமிழ் எழுதும் கை ஏட்டில் செல்வதைப் போன்றதே இது. 625 கோட்டு முறையில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி ஆகும். அஃதாவது, வினாடிக்கு 15,625 கோடுகள்.

அந்த 64 மைக்ரோ வினாடி முழுவதும் படத்துக்கு உரியதன்று. முதலில் ஏறத்தாழ 4.7 மைக்ரோ வினாடிக்கு 'ஒத்திசைவுத் துடிப்பு' வருகிறது. 'புதிய கோடு தொடங்குக' என்று பெட்டிக்கு இடும் ஆணையே அத்துடிப்பு. அதன்பின் சிறிது ஓய்வு. பின்னர் 52 மைக்ரோ வினாடிக்குப் படம். மீண்டும் சிறிது ஓய்வு. கோடுகள் அடிவரை முடிந்ததும் மேலே செல்லுமாறு வேறொரு நீண்ட ஆணை வருகிறது.

இனி, வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் படிக அலைவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 64 மைக்ரோ வினாடியில் அது சரியாக 1,024 முறை துடிக்கும். பத்து இரும இலக்கங்களால் எண்ணும் எண்ணி ஒன்று 0 முதல் 1,023 வரை எண்ணித் தானாகவே மீண்டும் 0 ஆகும். ஆகவே அந்த எண்ணியின் ஒரு சுற்றே ஒரு கோடு. எங்கு நிறுத்துவது என்று தனியே கட்டளையிட வேண்டியதில்லை. கோட்டின் உட்பிரிவுகளும் எளிய எண்களாகிவிடுகின்றன: ஒத்திசைவுத் துடிப்புக்கு 75, அடுத்த ஓய்வுக்கு 91, படத்துக்கு 832, இறுதி ஓய்வுக்கு 26, கூட்டுத்தொகை 1,024.

இரண்டாவது எண்ணி கோடுகளை எண்ணுகிறது. முதல் எண்ணி ஒரு சுற்று முடிக்குந்தோறும் இதில் ஒன்று கூடும். ஒளிபரப்பில் ஒரு முழுப்படம் இரண்டு பாதிகளாக, 312½ கோடுகள் வீதம் பின்னிப் பிணைந்து வரும். வீட்டுக் கருவியில் தொடக்கத்திற்கு 312 கோடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்போது வினாடிக்கு 50.08 முறை திரை வரையப்படும். படக்குழாய்ப் பெட்டிகள் இதனைத் தடையின்றி ஏற்கும். ஆனால் கணினியில் படம் பிடிக்கும் கருவிகளுட் சில அரைக்கோட்டுக் கணக்கு இல்லாவிடில் ஏற்க மறுக்கும். அவற்றுக்காக 32 மைக்ரோ வினாடி கொண்ட அரைக்கோடுகளை எண்ணி, 625 அரைக்கோடுகளை ஒரு பாதிப்படமாகக் கொள்ளுதல் வேண்டும்.

சில்லின் இயல்பு

இத்தகைய எண்ணிகளை முற்காலத்தில் செய்ய, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சில்லாகப் பலவற்றைப் பலகையில் பற்றவைத்துக் கம்பிகளால் இணைத்தனர். ஓர் எண்ணை மாற்றவேண்டுமாயின் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க நேரும். 1978இல் மானோலிதிக் மெமரீஸ் நிறுவனம் வெளியிட்ட சில்லுகளில், வாங்கியவரே தருக்க இணைப்புகளை அமைத்துக்கொள்ள முடிந்தது. 1985இல் சைலிங்ஸ் நிறுவனம் 64 தருக்கக் கட்டங்கள் கொண்ட சில்லினை வெளியிட்டது. அதன் இணைப்புகளை அழித்து எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். இன்று லாட்டிஸ் நிறுவனத்தின் சிறு சில்லு ஒன்றிலேயே 1,280 தருக்கக் கட்டங்கள் உள்ளன. இங்கே கூறும் கருவிக்கு நாற்பதைச் சிறிது கடந்த நினைவுக் கூறுகளும் அவற்றைச் சூழ்ந்த சிறிது தருக்கமுமே போதும்.

சில்லின் உள்ளமைப்பை 'வெரிலாக்', 'வி.எச்.டி.எல்.' என்னும் விவரிப்பு மொழிகளில் எழுதுவர். இது கணினிக்கு எழுதும் நிரல் போன்று தோன்றினும் அன்று. கணினி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததற்குச் செல்லும். தருக்கச் சில்லிலோ எல்லா உறுப்புகளும் ஒருங்கே இயங்கும். பள்ளியில் மணி ஒலித்தவுடன் எல்லா வகுப்புகளும் அந்நொடியே அடுத்த பாடத்திற்கு மாறுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். படிக அலைவியின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மணியோசை. அவ்வோசை கேட்டதும் கோட்டெண்ணி, பட்டையெண்ணி, கட்டமெண்ணி அனைத்தும் ஒருசேர மாறும். ஒன்று பிந்தினாலும் திரையில் கோடு நடுங்கும். எனவேதான் இவ்வேலைக்கு இவ்வகைச் சில்லு பொருந்துகிறது.

எட்டுப் பட்டைகளின் மறைபொருள்

வண்ணச் சோதனைப் படத்தில் எட்டுச் செங்குத்துப் பட்டைகள் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். இடமிருந்து வலமாக அவை வெள்ளை, மஞ்சள், நீலப்பச்சை, பச்சை, செந்நீலம், சிவப்பு, நீலம், கறுப்பு ஆகும். இவ்வரிசை அழகுக்காக அமைந்ததன்று. ஒளிமிக்க நிறத்தில் தொடங்கி ஒளியற்றதில் முடிகிறது இது.

தொலைக்காட்சி பச்சை, சிவப்பு, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்தே எல்லா நிறங்களையும் காட்டும். வெண்மையின் ஒளியில் பச்சையின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 59, சிவப்பு 30, நீலம் 11. பச்சையை 4 என்றும், சிவப்பை 2 என்றும், நீலத்தை 1 என்றும் கொண்டால் வெள்ளை 7 ஆகும். நீலத்தை நீக்கினால் மஞ்சள், அது 6. சிவப்பை மட்டும் நீக்கினால் நீலப்பச்சை, அது 5. பச்சை தனித்து 4. சிவப்பும் நீலமும் சேர்ந்த செந்நீலம் 3. சிவப்பு 2. நீலம் 1. கறுப்பு 0. ஆகவே இப்பட்டைகள் ஏழிலிருந்து சுழியம் வரை இறங்கு வரிசையில் எண்ணும் மூவிலக்க எண்ணியே அன்றி வேறல்ல!

சில்லுக்கு இதைவிட எளிய வேலை இல்லை. படப்பகுதியின் 832 துடிப்புகளை எட்டால் வகுக்க ஒரு பட்டைக்கு 104 கிடைக்கிறது. 104 துடிப்புக்கு ஒருமுறை மூவிலக்க எண்ணியை ஒன்று குறைத்தால் போதும். அதன் மூன்று இலக்கங்களும் முறையே பச்சை, சிவப்பு, நீலம் என்னும் மூன்று கம்பிகளாகின்றன.

எண்ணை ஒளியாக்கும் மின்தடைகள்

சில்லின் கால்களில் 0 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் மட்டுமே தோன்றும். பெட்டியின் மஞ்சள் நிறச் செருகித் துளையோ, ஒத்திசைவுத் துடிப்புக்கு 0 வோல்ட், கறுப்புக்கு 0.3 வோல்ட், முழு வெள்ளைக்கு 1 வோல்ட் என எதிர்பார்க்கிறது. இவ்விரண்டையும் இணைப்பவை மின்தடைகள். ஒத்திசைவுக் கம்பியில் 560 ஓம் மின்தடை ஒன்றும், 4 என்னும் மதிப்புடைய கம்பியில் 430 ஓம் ஒன்றும், 2 மதிப்புடையதில் 430 ஓம் இரண்டு தொடராகவும், 1 மதிப்புடையதில் 430 ஓம் நான்கு தொடராகவும் இணைத்து, நான்கு கம்பிகளின் முனைகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பெட்டியினுள் 75 ஓம் மின்தடை உள்ளது. அதனுடன் சேர்ந்து கணக்கிட்டால், கறுப்புக்கு 0.3 வோல்ட்டும், அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் 0.1 வோல்ட்டும், வெள்ளைக்கு 1 வோல்ட்டும் அமைவதைக் காணலாம். ஒத்திசைவுத் துடிப்பின்போது எல்லாக் கம்பிகளும் 0 ஆகும். மேலே செல்லும் ஆணைக்குரிய மூன்று கோடுகளில் அத்துடிப்பைத் தலைகீழாக்கி, நீண்ட நேரம் 0 ஆகவும் குறுகிய நேரம் 0.3 ஆகவும் வைத்தால் போதும்.

இங்ஙனம் செய்தவுடன் திரையில் வெண்மையிலிருந்து கருமை வரை எட்டுப் படிகள் இறங்கித் தோன்றும். பட்டைகளை வண்ணத்திலேயே காண விரும்பின், மூன்று நிறக் கம்பிகளையும் தனித்தனியே வண்ணக் குறியேற்றச் சில்லுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி724 இத்தகையது. மலேசியாவும் சிங்கப்பூரும் பயன்படுத்திய பி.ஏ.எல். வண்ண முறைக்கு வினாடிக்கு 4,433,618.75 அலைவுகள் கொண்ட துணை அலை தேவை. கோட்டு எண்ணிக்கையான 15,625ஐ 283.75ஆல் பெருக்கி 25ஐக் கூட்டினால் இந்த எண் வரும். வண்ண அலையின் சுவடு கருப்பு வெள்ளைப் பெட்டிகளில் நிலையான புள்ளிக்கோலமாய்த் தெரியாதிருக்கவே இத்தனை நுண்ணிய எண்ணைத் தேர்ந்தனர்.

கட்டங்கள் கூறும் செய்தி

ஒரு சுவிட்சைத் தட்டியதும் பட்டைகள் மறைந்து கட்டங்கள் தோன்றுமாறும் செய்யலாம். 832 துடிப்புகளை 52 வீதம் பிரித்தால் 16 பத்திகள். கண்ணுக்குத் தெரியும் 288 கோடுகளை 24 வீதம் பிரித்தால் 12 வரிசைகள். பழைய திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் இருப்பதால் இக்கட்டங்கள் யாவும் சதுரங்களாகத் தோன்றுதல் வேண்டும். இடப்புறக் கட்டம் அகன்றும் வலப்புறக் கட்டம் ஒடுங்கியும் இருப்பின், பெட்டி கோட்டைச் சீரான வேகத்தில் வரையவில்லை என்பது வெளிப்படை. வண்ணப் பெட்டியில் வெள்ளைக் கோடு சிவப்பும் நீலமுமாகப் பிளந்து தோன்றினால், மூன்று மின்னணுக் கற்றைகளும் ஓரிடத்தில் கூடவில்லை என்று பொருள்.

குற்றத்தைக் கண்டவர் உடனே பெட்டியின் முதுகைத் திறந்துவிடலாகாது. வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது குழாயில் தங்கியிருக்கும். அப்பணி பயிற்சி பெற்றவர்க்கே உரியது.

அளப்பதை அளத்தல்

இங்கே ஒரு கேள்வி எழும். வீட்டிற் செய்த கருவியே பிழையாயின் என் செய்வது? எடைக்கல் பொய்த்தால் நல்ல பொருளும் குறைந்ததாகவே தோன்றும். பிழையான சோதனைப் படத்தை நம்பி நல்ல பெட்டியைத் திருத்தப் புகுந்தால் நல்லதும் கெடும். ஆகவே கருவியைக் கொண்டு பிறவற்றை அளக்குமுன் கருவியையே அளத்தல் இன்றியமையாதது. இதற்கு விலையுயர்ந்த 'ஆசிலாஸ்கோப்' வேண்டும் என்பதில்லை.

முதலாவது, மின்னழுத்தச் சோதனை. ஒரு சுவிட்சால் பட்டையெண்ணியை ஒரே எண்ணில் நிறுத்தி, ஒத்திசைவுத் துடிப்பையும் தடுத்து, வெளிமுனையில் 75 ஓம் மின்தடையைப் பொருத்திச் சாதாரண மல்ட்டிமீட்டரால் அளக்கலாம். 1, 0.9, 0.8 என ஒவ்வொரு பட்டைக்கும் 0.1 வோல்ட் குறைந்து 0.3இல் முடிதல் வேண்டும். ஒரு படி மட்டும் தவறினால் ஏதோ ஒரு மின்தடை மாறியிருக்கிறது. எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் 3.3 வோல்ட் மின்வழங்கியே குறைபாடுடையது.

இரண்டாவது, காலச் சோதனை. சில்லில் இன்னோர் எண்ணியை அமைத்து, 15,625 கோடுகளுக்கு ஒருமுறை சிறு விளக்கொன்று மின்னுமாறு செய்யலாம். அம்மின்னல் சரியாக வினாடிக்கு ஒன்றாகும். வினாடி காட்டும் நல்ல கடிகாரத்தை அருகில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழ ஒருங்கே செல்லுதல் வேண்டும். பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழையுள்ள படிகம்கூட ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடியே விலகும். அதைவிட மிகுதியாக விலகினால் பிழை படிகத்தில் இருப்பதைவிட எண்ணும் முறையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கண்ணாற் காணும் சோதனை. எண்ணிகளை எழுதுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் 104 எண்களில் இறுதி எண் 103 என்பதை மறந்து, 104இல் நிறுத்திவிடுவர். அப்போது ஒவ்வொரு பட்டையும் 105 துடிப்பாகும்; ஏழு பட்டைகள் 735 துடிப்பைக் கொள்ள, எட்டாவது பட்டைக்கு 97 மட்டுமே எஞ்சும். கடைசிப் பட்டை மெலிந்து தோன்றினால் அது பெட்டியின் குற்றமன்று, எண்ணியவரின் குற்றமாகும். அப்பட்டை கறுப்பாதலின் திரையோரத்தில் எளிதிற் புலப்படாது. வரிசையைத் தலைகீழாக்கி வெள்ளையை இறுதியில் வைத்துப் பார்ப்பின் உண்மை வெளிப்படும்.

நாடாக்களைக் காத்தல்

இவ்வாறு சோதித்துத் தேறிய கருவியின் பெரும்பயன் பழைய நாடாக்களை மாற்றும்போது விளங்கும். நாடாவை ஓட்டுமுன், கருவியின் எட்டுப் படிகளைக் கணினியின் படம் பிடிக்கும் கருவிக்கு அனுப்பிப் பதிவு செய்க. பதிவில் வெள்ளையும் அதற்கடுத்த படியும் வேறுபாடின்றி ஒன்றாய்த் தோன்றினால், அக்கருவி ஒளிமிக்க பகுதிகளை வெட்டிவிடுகிறது. அந்நிலையில் மாற்றப்படும் மணவிழாப் படத்தில் மணமகனின் பட்டு வேட்டி மடிப்பின்றி ஒரே வெண்திட்டாகும். மல்லிகைச் சரத்தில் பூவுக்கும் பூவுக்கும் வேறுபாடு இராது. கறுப்பும் அதற்கடுத்த படியும் ஒன்றாயின் கூந்தலும் நிழலும் ஒன்றாகும். ஒளியளவைத் திருத்தி, எட்டுப் படிகளும் தனித்தனியே தெரியும் நிலையில் வைத்த பின்னரே நாடாவை ஓட்டுதல் முறை.

நாடா வழியில் சிக்கலாம். காந்தப் பூச்சு உதிரலாம். இரண்டாம் முறை ஓட்டும்போது முதன்முறை கண்ட படம் கிடைக்காமற் போகலாம். மறைந்த பாட்டனாரின் முகம் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருத்தலும் கூடும். ஒருமுறை தவறாக மாற்றி, மூல நாடாவும் அழிந்துவிட்டால், தவறிய நிறமே அக்குடும்பத்தின் நினைவில் நிலைத்துவிடும். சில மின்தடைகளும் ஒரு சிறு சில்லும் கொண்டு சில மாலைப்பொழுதுகளில் செய்துமுடிக்கும் இக்கருவி அவ்விழப்பைத் தடுக்க வல்லது. எண்ணத் தொடங்கிய சில்லு ஏழிலிருந்து சுழியம் வரை பிழையின்றி எண்ணினால், எட்டு நிறங்கள் அந்நிறங்களாகவே நிற்கும். அவை அங்ஙனம் நிற்பதைக் கண்ட பின்னர் ஓட்டப்படும் நாடாவில் தோன்றும் குறை எதுவாயினும், அது மாற்றியவர் சேர்த்த குறையன்று என்னும் உறுதியேனும் கிடைக்கும்.